அவர் கையை வெட்டிக்கொண்ட இடம்

எனக்குப் பொறாமை உண்டு. ஒளிக்க என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சடை நீளம் என்பதற்காகவே ஒரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தவள் நான். கல்யாணமானதும் அந்தக் குணம் மொத்தமும் ஒரே ஆள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை, ஆள் பார்க்கும் வேலை. நான் மலாக்கா டவுனில், ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் கிளார்க். அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் பெண்ணை அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கும் வேலையை விட மனசில்லை. அதனால் அவர் சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

வந்தால் பேசுவாரா என்றால், அதுவும் கிடையாது. "ம்" என்பார், "சரி" என்பார், சாம்பார் நன்றாக இருந்தால் "இன்னும் கொஞ்சம்" என்பார். என் அண்ணன் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் அவருக்கு ஸ்டோர் கிளார்க் வேலை சொல்லி வைத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டவுனுக்கே வந்துவிடலாம், நானும் மற்ற பெண்களைப்போலக் குடித்தனம் செய்யலாம். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். "பார்க்கலாம்" என்பார். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார், அதுதான் எனக்கு ஆத்திரம். அங்கே என்ன இருக்கிறது, இந்த மனுஷனை இழுத்துப் பிடித்துக்கொள்ள? வாரம் முழுக்க இதே யோசனைதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிபட்டு வருகிறவர்களின் கேஸ் தாள் எங்கள் அறைக்கு வரும். என்ன காயம், எதனால் காயம் என்பதற்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தடித்த புத்தகத்தில் எண் இருந்தது. அந்த எண்ணின் வாலில் இன்னொரு இலக்கம் போட வேண்டும். அது, காயம் எந்த இடத்தில் பட்டது என்பதற்கு. வீடு, விவசாய நிலம், சுரங்கம், தொழிற்சாலை, தெரு, பொதுக் கட்டடம் என்று வரிசையாக இருக்கும். வீட்டுக்குப் பூஜ்யம். உலகத்தில் உள்ள இடங்களை எல்லாம் அடுக்கியவன் வீட்டுக்குப் போயும் போயும் பூஜ்யம் கொடுத்திருக்கிறானே என்று முதல் நாளே எனக்கு எரிச்சல்.

டாக்டர்கள் காயத்தை எழுதுவார்கள், இடத்தை எழுத மாட்டார்கள். அதனால் நான்தான் வார்டுக்குப் போய்க் கட்டிலுக்குக் கட்டில் நின்று கேட்பேன். "எங்கம்மா நடந்துச்சு? எங்கண்ணே விழுந்தீங்க?" தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல ஒரே பதில் சொல்வார்கள். "வீட்டுல."

காரணம் வார்டு வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது. தமிழ் தெரிந்த ஒரு மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர். காட்டோரத்தில் விழுந்தேன் என்றால், அங்கே உனக்கு என்ன வேலை, யாருக்குச் சோறு கொண்டு போனாய் என்று போலீஸ் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தில், பாம்பு கடித்தவனும் வீட்டில்தான் கடித்தது என்பான், மரக்கிளை விழுந்து தோள் உடைந்தவனும் வீட்டில்தான் விழுந்தது என்பான். வீட்டுக்குள் எப்படி அண்ணே மரக்கிளை வந்தது என்று கேட்டால், அண்ணன் மேலே கூரையைப் பார்ப்பார். நானும் எழுதிக்கொண்டு வருவேன்.

எங்கள் தலைமைக் கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், நடு வயசு, தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. நான் கொண்டுவரும் தாள்களைப் பார்த்துச் சிரிக்காமல் சொல்வார்: "பிள்ளை, எங்கட கணக்குப்படி உலகத்திலயே ஆபத்தான இடம் தோட்டத்து வீடுதான்." அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டத்து ஆள் வீடு என்று சொன்னால் வீட்டைத் தவிர எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் வார்டுக்குப் போகிறேன், கடைசிக் கட்டிலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் பெரிய கட்டு. தோட்டத்து டிரஸர் தையல் போட்டாராம், சீழ் பிடித்துக் கை வீங்கிவிட்டதாம், லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். நர்ஸ் கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டைவிரலின் அடியிலிருந்து உள்ளங்கைவரை, நேராக ஒரு வெட்டு.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சமைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அது அரிவாமணைக் காயம். எதையோ அழுத்தி வெட்டப்போய்க் காய் வழுக்கி, கை போய் அலகில் இறங்கியிருக்கிறது. என் இடது கையிலேயே அப்படி ஒன்று உண்டு.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, உத்தியோகக் குரலில் கேட்டேன். வாசலில் மாத்தா-மாத்தா இருந்தார்.

"எங்க நடந்துச்சு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வீட்டுல," என்றார்.

அத்தனை பேர் வாயிலிருந்தும் கேட்டு, ஒரு தடவைகூட நம்பாத அந்த வார்த்தையை அன்றைக்கு அப்படியே நம்பினேன். வீடுதான். சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வீடு? எங்கள் வீடு டவுனில் இருக்கிறது. தோட்டத்தில் அவருக்கு இருப்பது இன்னொரு கிராணியோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறை. அந்த அறைக்குச் சாமான் கட்டிக் கொடுத்தவளே நான்தான். ஒரு தட்டு, ஒரு தம்ளர், தேநீர் போட ஒரு ஸ்டவ். அரிவாமணை கிடையாது. அப்படியானால் யாருடைய அரிவாமணை? எவள் வீட்டில் உட்கார்ந்து இந்த மனுஷன் காய் நறுக்கினார்? என் வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுக்காத மகாராஜா!

"யார் வீட்டுல?" என்றேன் மெதுவாக.

"உளறாத. போய் வேலையைப் பாரு," என்றார்.

வேலையைத்தான் பார்த்தேன். ரெக்கார்டு அறைக்குப் போய்த் தலைமைக் கிளார்க் முன்னால் தாளை வைத்தேன். "சார், ஒருத்தர் வேற யாரோ வீட்டுல அடிபட்டா, அதுக்கும் பூஜ்யம்தானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வீடெண்டா வீடுதான், பிள்ளை. ஆரின்ர வீடெண்டு புத்தகம் கேக்கேல்லை. நீர் ஏன் கேக்கிறீர்?"

புத்தகத்துக்கு என்ன, புருஷனா, பெண்டாட்டியா? பூஜ்யம் போட்டேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

அந்த வாரம் நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தத் தோட்டத்தில் நான் பார்த்தே இராத பெண்களுக்கெல்லாம் முகம் கொடுத்து, மூக்குத்தி போட்டு, பூ வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சராக இருக்குமா? டிரஸரின் தங்கையாக இருக்குமா? ஒவ்வொருத்தியும் என்னைவிட நிறமாக இருந்தாள். ஒவ்வொருத்தி முன்னாலும் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இடது கையால் சாப்பிடுவார், ஒன்றும் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

அந்தச் சமயத்தில் தோட்டங்களிலிருந்து புது மாதிரிக் கேஸ்கள் வந்துகொண்டிருந்தன. கஞ்சி கொட்டிய கால், ஆவி பட்ட முகம். காட்டுக்குள் அரிசி போகக்கூடாது என்று, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டு அடுப்பில் சோறு பொங்கவே தடை. எல்லோருக்கும் ஒரே இடத்தில் சமைத்து, சமைத்த சோறாகத்தான் கொடுப்பார்கள். அதற்குப் பொதுச் சமையல் கொட்டகை என்று பெயர். இவரும் ஒரு நாள், "சாப்பாடு இப்பப் பொதுவுல" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தார். அந்தக் கொட்டகைக்கு எந்த இலக்கம் போடுவது என்று தலைமைக் கிளார்க்குக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அப்படி ஓர் இடமே இல்லை.

"ஆராவது போய்ப் பாத்துச் சொன்னால் நல்லம்," என்றார்.

"நான் போறேன் சார்!" என்றேன். ஒரு நோயாளியைத் திருப்பிக் கொண்டுபோய் விட ஆஸ்பத்திரி வேன் அந்தத் தோட்டத்துக்கே போவதாக இருந்தது. எனக்குக் கொட்டகையும் வேண்டாம், இலக்கமும் வேண்டாம். அரிவாமணைக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வேலி வாசலில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். வரும் வழியில் தின்ன வைத்திருந்த ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்பும்போது தருகிறோம் என்றார்கள். உள்ளே நடந்தேன். பால்வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பியிருந்த நேரம். லயத்துப் பக்கம் ஒரு அடுப்புப் புகையும் இல்லை. நடுவில் தகரக் கூரை போட்ட ஒரே ஒரு நீளக் கொட்டகையிலிருந்துதான் புகை வந்தது. புகையைவிட முன்னால் சத்தம் வந்தது. பெண்கள் சிரிக்கிற சத்தம்.

வாட்டசாட்டமான ஒரு அக்கா சோற்றுக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். சமையலுக்குத் தலைவி அவர்தான் என்று நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் யார் என்று சொன்னேன்.

"அடியாத்தே! நம்ம கிராணி ஐயா வீட்டம்மாவா! ஏய், நகருங்கடி, வழி விடுங்க. வாங்கம்மா, பசியாறிட்டீங்களா? ஐயா கை எப்படி இருக்கு?"

உள்ளே வரிசையாக அரிவாமணைகள். வரிசையாகப் பெண்கள், பால்வெட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல். தூண் ஓரமாக ஒரு அரிவாமணை மட்டும் ஆளில்லாமல் இருந்தது. அதன்மேல் ஒரு சாக்கு நாலாக மடித்துப் போட்டிருந்தது.

"அதான் ஐயா உக்கார்ற எடம்," என்றார் அந்த அக்கா. "வேற யாரையும் உக்கார விடல."

ஐயா உட்காருகிற இடமா? தோட்டத்து நடப்பு தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். கிராணி என்றால் நிற்பார், கூப்பிடுவார், பெயர் எழுதுவார். வேலைக்காரர் வீட்டில் தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பார். தரையில், பால்வெட்டுப் பெண்களோடு ஒன்றாக உட்கார்ந்து, பூசணிக்காய் வெட்டுகிற கிராணியை நான் கதையில்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் அத்தனை வீடுகளை நினைத்த எனக்கு இந்தக் கொட்டகை நினைப்பிலேயே வரவில்லை.

"மொதல்ல அரிசிக்குக் காவலா நின்னுக்கிட்டுத்தாம்மா இருந்தாரு, தொரை போட்ட ஆர்டர்," என்றார் அக்கா. "நின்னு நின்னு கால் வலிச்சிருச்சு, உக்காந்தாரு. சும்மா உக்காந்தா நாங்க விடுவமா? கையில ஒரு பூசணிக்காயக் குடுத்தோம். அப்புறம் வாய் தொறந்தாரு பாருங்க, சாமி! மூடவே இல்ல."

"யாரு?" என்றேன்.

"ஐயாதான்! என்ன கதை, என்ன கிண்டல்! அன்னைக்குத் தொரையோட நாய் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல ஆளோட ஆளா நின்ன கதையச் சொல்லிக்கிட்டே வெட்டினாரு. நாங்க சிரிக்க, அவரு சிரிக்க, காய் வழுக்கிக் கைய வெட்டிக்கிட்டாரு. ரெத்தம் ஊத்துது, அப்பவும் கதைய முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சாரு. வீட்டுல எப்படித்தாம்மா தாங்குறீங்க அவரு பேச்ச?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா, ஆமா, தாங்க முடியாது," என்றேன். வேறு என்ன சொல்ல?

அதோடு விட்டார்களா? எனக்குக் காபி கசப்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்று ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. நான் கோபம் வந்தால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன் என்று இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது. "அடிபட்டவங்க எங்க அடிபட்டாங்கன்னு நம்பர் போடுற வேலையாமே? ஐயா பெருமையாச் சொல்லுவாரு," என்றாள் ஒரு சின்னப் பெண். என்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், என்னை இந்தக் கொட்டகைக்கே பந்தி வைத்திருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தியும் அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தி மேலும் சந்தேகப்பட முடியவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. ஒருத்தி என்றால் குடுமியைப் பிடித்துக் கேட்கலாம். ஒரு கொட்டகையை என்ன செய்வது?

எனக்கும் சோறு போட்டார்கள். பெரிய பெரிய பூசணித் துண்டு போட்ட குழம்பு. நன்றாகவே இருந்தது. பாதி சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றேன்.

என் வீட்டுக்காரர் கையை வெட்டிக்கொண்டதும் அங்கேதான் என்று மறுநாள் சொன்னபோது, தலைமைக் கிளார்க் கேட்டார். "அது என்ன மாதிரி இடம், பிள்ளை? சனம் தின்னுது, சமைக்குது. வீடெண்டு போடலாமோ?"

"வீடு இல்லை சார்," என்றேன், அவர் முடிப்பதற்கு முன்னாலேயே. "யாரும் அங்க படுக்கிறதில்லை. யாரும் அங்க குடியிருக்கிறதில்லை. அது வீடே இல்லை."

"அப்ப எட்டுப் போடுவம். பிற இடம்." என் புருஷனுடைய தாளை எடுத்துக் காட்டினார். "உம்மட மனுசன் வீடெண்டெல்லோ சொன்னவர்?"

"அவருக்குத் தெரியாது சார்," என்று தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, பூஜ்யத்தை அடித்துவிட்டு எட்டுப் போட்டேன். புத்தகப்படி அது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் எட்டுதான் போடுவேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். "உங்க அரிவாமணையைப் பாத்துட்டு வந்தேன்," என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏன் வீடுன்னு பொய் சொன்னீங்க? கிராணி தரையில உக்காந்தாருன்னு தொரை காதுக்குப் போயிடும்னா? இல்ல, அந்த மாத்தா-மாத்தாவுக்குப் பயந்தா?"

"பொய் சொல்லணும்னு நெனைக்கல," என்றார். "நீ கேட்ட. வாயில அதான் வந்துச்சு."

கன்னத்தில் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன். "கிடங்கு வேலைக்கு என்ன பதில்? இன்னைக்குச் சொல்லுங்க. எனக்கு இன்னொரு 'பார்க்கலாம்' வேணாம்."

"வேலி இருக்கிறவரைக்கும் அங்க ஒரு கிராணி இருக்கணும். வேலிய எடுத்தா அடுப்ப அணைச்சிருவாங்க. அப்புறம் எனக்கு அங்க என்ன வேல? வந்துர்றேன்."

அன்றிலிருந்து அந்த முள்வேலி எடுபட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத கோவில் மலாக்காவில் இல்லை. மற்றவர்கள் சண்டை ஓய வேண்டும், பிள்ளைகள் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்று கும்பிட்டார்கள். நான் ஓர் அடுப்பு அணைய வேண்டும் என்று கும்பிட்டேன். அவர் கை ஆறித் தோட்டத்துக்குத் திரும்பினார். சனி வந்தார், ஞாயிறு போனார். கடைசியில் அரிசித் தடையை நீக்கினார்கள், வேலியைச் சுருட்டினார்கள், அவரவர் வீட்டில் அவரவர் பொங்கிக்கொண்டார்கள். அவர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார், அடுத்த வாரமே கிடங்கு வேலைக்குப் போனார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்தப் பெட்டியிலிருந்த தட்டையும் தம்ளரையும் நானே புளி போட்டுத் தேய்த்து என் அலமாரியில் வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தினமும் மணி அடித்ததுபோல வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். "ம்" என்றார், "சரி" என்றார். நான் கிடங்கில் என்ன நடந்தது என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல" என்பார். தொரையின் நாய்க் கதையைச் சொல்லச் சொன்னேன். "அதுல என்ன இருக்கு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரிலிருந்து பூசணிக்காய் வாங்கிவந்தேன். என் அரிவாமணையை எடுத்துத் தரையில் போட்டேன், ஒரு சாக்கை நாலாக மடித்து அதன்மேல் வைத்தேன். "வாங்க, எனக்குக் கொஞ்சம் நறுக்கிக் குடுங்க," என்றேன். அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து, கதைக்காகக் காத்திருந்தேன்.

வெட்டினார். வேகமாக, அழகாக, கை தவறாமல். கொட்டகைக் குழம்பில் பார்த்த அதே பெரிய பெரிய துண்டு.

"அய்யய்யோ, இவ்வளவு பெருசாவா? நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம்," என்று சிரித்தேன்.

அவர் அடுத்த கீற்றை எடுத்து அலகில் வைத்தார்.

"அதான் தெரியுதே," என்றார்.

துண்டுகளை அப்படியே அள்ளிப் பானையில் போட்டேன். வேக ரொம்ப நேரம் ஆயிற்று.